ஒரே தட்டில் திறக்கும் கூரை

என் மனைவி இந்திராணி சந்தோஷப்பட்டால் தரையைவிட்டு எழும்புவாள். அதற்காகத்தான் சன்ரூஃப் வைத்த கார் வாங்கினோம்.

எவ்வளவு உயரம் என்பது சந்தோஷத்தைப் பொறுத்தது. காபி சரியாக அமைந்துவிட்டால் ஒரு விரற்கடை. நினைத்த நிறத்தில் புடவை கிடைத்துவிட்டால் ஒரு சாண். எங்கள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் அவள் மணையிலிருந்து எழும்பிவிட்டாள். அவளுடைய அப்பா பாதங்களைப் பிடித்துக்கொள்ள, நான் நாற்காலியில் ஏறி நின்று தாலி கட்டினேன். ஐயர் அண்ணாந்து பார்த்தபடியே மந்திரம் சொன்னார். கழுத்து பிடித்துக்கொண்டதாகப் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

இறக்குவது சுலபம். கவலைக்குரிய ஏதாவது ஒன்றை ஞாபகப்படுத்தினால் போதும். "சிலிண்டர் பதிவு பண்ணிட்டியா?" என்று கேட்டால் மெல்ல இறங்கிவிடுவாள். வீட்டுக்குள் இதில் பெரிய சிரமம் கிடையாது, மின்விசிறியை நிறுத்தினால் சரி. சிரமமெல்லாம் காரில்தான். சீட் பெல்ட் போட்டிருந்தால் சந்தோஷம் வயிற்றோடு நின்றுவிடும், இரண்டு நாளைக்கு அஜீரணம். ஆகவே நல்ல செய்தி வரும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். அவள் கணுக்காலில் துணி உலர்த்தும் நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையைக் கைப்பிரேக்கில் மாட்டியிருப்போம். கூரையைத் திறப்பது என் பொறுப்பு.

காரை ஒரு பல் மருத்துவரிடமிருந்து வாங்கினோம். பழைய வண்டி, மரூன் நிறம். அவர் வீட்டில் யாரும் எழும்புகிறவர்கள் இல்லை. காற்றுக்காகத்தான் கூரையைத் திறந்தார்களாம். அந்தக் காலத்து வண்டி என்பதால் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் கூரை நகரும். விரலை எடுத்தால் எடுத்த இடத்தில் நின்றுவிடும். முழுக்கத் திறப்பதற்குள் ஒரு தும்மல் வந்து அடங்கி, அடுத்த தும்மலும் வந்துவிடும்.

எங்கள் மகள் நித்திலா என் பக்கம். எழும்பமாட்டாள். அதனால் அவளுக்குக் கோல் தேவைப்படுகிறது. சென்னையில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டு கோலூன்றித் தாண்டுகிறாள்.

போன வருஷம் நாங்கள் புதுக்கோட்டை சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. கல்லூரி அணிக்குத் தேர்வாகிவிட்டாளாம். இந்திராணி பெல்ட்டைக் கழற்றினாள். நான் சுவிட்சை அழுத்தினேன். கூரை பாதி திறந்திருக்கும்போது ஒரு மினி பஸ் குறுக்கே வந்தது. கியரை மாற்றாவிட்டால் மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம், மினி பஸ் ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்கிறேன். விரலை எடுத்தேன். கூரை பாதியில் நின்றது. இந்திராணி நிற்கவில்லை. அவள் உச்சந்தலையில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் சந்தோஷத்தைப் பிடித்துவைக்கப் பழகினாள். காரில் போகும்போது யாராவது போனில் உற்சாகமாக ஆரம்பித்தால், "இரு, இரு, நல்ல விஷயமா? வண்டியைவிட்டு இறங்கினதும் சொல்லு" என்பாள். முதலில் காரில் மட்டும்தான் அப்படி இருந்தாள். நாளாக நாளாக அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. காபி மிகச் சரியாக அமைந்த காலைகளில்கூட அவள் செருப்பு தரையில் ஒட்டியே இருந்தது. ரொம்ப நிதானமான பொம்பளை என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு நித்திலா வந்திருந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னாள்.

"அம்மா, என் பழைய உயரத்தைத் தாண்டிட்டேன். மாநிலப் போட்டிக்குப் போறேன்."

நான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.

"ரொம்ப நல்லதும்மா" என்றாள் இந்திராணி. அதைப் புன்னகையுடன்தான் சொன்னாள். நித்திலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். இரண்டு பாதங்களும் மொசைக் தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. மின்விசிறி சுற்றிச் சுற்றித் தானாக நின்றது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுவிட்டேன்.

போட்டி மதுரையில். முந்தின வாரம் நித்திலா என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க வர்றதா இருந்தா வாங்க. அம்மாவுக்கு எதுக்கு அலைச்சல்?"

"அவளும்தான் வர்றா."

"வேணாம்ப்பா. அவங்களுக்கு இதுல ஒண்ணும் பெருசா இல்ல. அதான் பாத்தாலே தெரியுதே."

போனை வைத்தேன். பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த இந்திராணிக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி முனகியது. துக்கம் வந்தால் அவள் கனம் கூடிவிடுவாள். முனகல் பலமாகி, நாற்காலியின் முன்னங்கால் ஒன்று வளைந்தது.

"எனக்கு எழும்பணும்னு இல்லாம இல்லீங்க" என்றாள், பட்டாணியைப் பார்த்தபடியே. "எழும்பப் போறப்ப தலையில ஏதோ இடிக்கப்போகுதுன்னு தோணுது. உடனே அடக்கிடறேன்."

மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. எனக்குத் திருச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை. இந்திராணியைக் கூட்டிக்கொண்டு பால்பண்ணை பக்கத்தில் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் ஜெரால்டு என்பவரின் பட்டறைக்குப் போனேன்.

ஜெரால்டு சந்தோஷமான மனிதர். எந்த வண்டியைப் பார்த்தாலும், அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் போலப் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் இந்திராணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி இந்திராணியைப் பார்த்தார்.

"எவ்வளவு வேகத்துல எழும்புவீங்கக்கா?"

"செய்தியைப் பொறுத்து."

"மாநில அளவுன்னு வச்சுக்குவோம்." அவர் கண்கள் மின்னின. "சார், புது வண்டியில எல்லாம் ஒரு தட்டு தட்டினாப் போதும். கையை எடுத்துட்டு நீங்க பாட்டுக்கு ஓட்டலாம். கூரை தானாப் போய் முட்டி நிக்கும். உங்க வண்டிக்கும் அதைக் கொண்டுவந்துடறேன். மத்தியானம் எடுத்துட்டுப் போயிடலாம்."

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். கார் ஜன்னல்களை ஒரே தட்டில் ஏற்றி இறக்குவதற்காக விற்கிற மாட்யூல். சன்ரூஃபும் படுத்திருக்கிற ஜன்னல்தானே என்றார். உள்விளக்கைக் கழற்றினார், கூரைத் துணியை ஒரு ஓரமாக இறக்கினார், அதற்குள் கையை முழங்கைவரை விட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

மத்தியானம் ஆயிற்று. அவர் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினார். கூரை கிளம்பியது. பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

மறுபடி தட்டினார். மறுபடியும் பாதி. ஜெரால்டின் பாட்டு நின்றது. நாலைந்து முறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"பழக்கம் சார். இத்தனை வருஷமா விரலை எடுத்தா நிக்கணும்னு பழகிருச்சு. நான் பெட்டியை மட்டும் சேத்தேன், பழைய ஒயரை விட்டு வச்சுட்டேன். என் தப்புதான். சுவிட்சுலேர்ந்து மோட்டாருக்குப் போற ஒயரை வெட்டிடணும். இனிமே சுவிட்ச் பெட்டிக்கிட்ட தகவல் மட்டும்தான் சொல்லும். ஓட்டறது பெட்டியோட வேலை."

"வெட்டினா பழையபடி பிடிச்சுத் திறக்க முடியாதே?" என்றேன்.

"முடியாது."

நான் இந்திராணியைப் பார்த்தேன். "வெட்டுங்க" என்றாள் அவள்.

வெட்டினார். இணைத்தார். டேப் சுற்றினார். அதற்குள் அவர் மனைவி ஸ்டெல்லா எங்கள் எல்லோருக்கும் தேநீரும் பட்டர் பன்னும் கொண்டுவந்தார். ஜெரால்டு காரை மின்கம்பிகள் இல்லாத வெட்டவெளிக்கு நகர்த்தி நிறுத்தினார். ஆள் எழும்பும்போது கூரை முந்துகிறதா என்று பார்க்காமல் வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்றார்.

"அக்கா, கொஞ்சம் சந்தோஷப்படுங்க."

இந்திராணி முயற்சி செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டெல்லா அவள் புடவையைப் பாராட்டினார். நான் ஊட்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன். "உங்களுக்குக் குளிர் ஒத்துக்காது" என்றாள் அவள். ஜெரால்டு பன்னில் கூடுதலாக வெண்ணெய் தடவிக் கொடுத்துப் பார்த்தார். அவள் மரியாதைக்காகச் சாப்பிட்டாள். ஆனால் இருக்கையைவிட்டு அசையவில்லை.

"சுவிட்சை நீங்களே தட்டிப் பாருங்கக்கா" என்றார் ஸ்டெல்லா.

அவள் அதுவரை அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்லை. கையைத் தூக்கி, நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். சுட்டுவிட்டது போலக் கையை உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூரை கிளம்பியது. பாதியைத் தாண்டியது. யாரும் தொடாமல், யாரும் கெஞ்சாமல், அது பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே பால்பண்ணையின் வானம் சதுரமாகத் தெரிந்தது. ஒரு காக்கை குறுக்கே போனது.

"தானாப் போகுதுங்க!" என்றாள் இந்திராணி.

இருக்கைக்கும் அவளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஜெரால்டு குனிந்து, அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மாட்யூல் சரி" என்றார். ஸ்டெல்லா கைதட்டினார். எனக்கு அவளிடம் சிலிண்டரைப் பற்றிக் கேட்க மனம் வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அவள் இருக்கையில் பட்டும் படாமலும்தான் உட்கார்ந்திருந்தாள். போகிற வழியெல்லாம் திறந்தாள், மூடினாள், திறந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "நல்லா இருக்குக்கா, இன்னொரு தடவை" என்றார்.

போட்டியன்று காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். இந்திராணி வாடாமல்லி நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கொசுவத்தில் கூடுதலாக மூன்று ஊக்குகள் குத்திக்கொண்டாள். மேலே காற்று அதிகமாக இருக்கும் என்றாள். அதைக் கேட்டதும் எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் என் வம்சத்தில் யாரும் எழும்புவதில்லை என்பதால் ஒழுங்காக வண்டியை ஓட்டினேன்.

விராலிமலையில் தாமதமாகிவிட்டது. அங்கே மயில்கள் வேலைக்குப் போகிற நேரம். சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. மயில்கள் அவசரப்படாமல், ஒன்றின் பின் ஒன்றாக, தோகையைச் சுருட்டிக்கொண்டு கடந்தன. நடுவில் ஒன்று எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போய், எடுத்துக்கொண்டு வந்தது. அதற்கும் காத்திருந்தோம். ஹாரன் அடித்த ஒரே ஒரு லாரியை எல்லா மயில்களும் நின்று பார்த்தன. லாரிக்காரர் அதன் பிறகு அடிக்கவில்லை.

மேலூரைத் தாண்டும்போது அபிராமியிடமிருந்து போன் வந்தது. நித்திலாவின் அறைத்தோழி, தடை ஓட்டக்காரி. தாண்டும் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள், எங்க இருக்கீங்க? இங்க ரெண்டு பேர்தான் மிச்சம். நித்திலாவும் ஒரு ஈரோட்டுப் பொண்ணும். இந்த உயரத்துல ஈரோடு மூணு தடவையும் கம்பியைத் தட்டிவிட்டுருச்சு."

"நித்திலா?"

"ஒரு தடவை தட்டிட்டா. அடுத்தது இப்ப ஓடப்போறா."

போனை ஒலிபெருக்கியில் போட்டு முன்னால் வைத்தேன். மதுரைக்குள் நுழைந்தோம். கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, பிறகு அமைதி, பிறகு எல்லோரும் சேர்ந்து விட்ட ஒரு பெருமூச்சு.

"தட்டிட்டா அங்கிள்" என்றாள் அபிராமி.

காரின் இடது பக்கம் இறங்கியது. இந்திராணியின் இருக்கை ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக நெரிந்தன. வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போக முடிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றேன்.

"தெரியுதுங்க" என்றாள். முன் சக்கரம் தரையில் தேய்கிற வாசனை வந்தது.

மைதானத்துக்குப் போக நீளமான மேம்பாலம் ஒன்றில் ஏற வேண்டும். பாலத்தின் மேல் எங்கேயும் நிற்கக் கூடாது. எனக்கு முன்னால் மணல் லாரி, பின்னால் முட்டிக்கொண்டு வரும் பஸ். இடது கை கியரில், வலது கை ஸ்டியரிங்கில். ஏற்றத்தில் வண்டி இந்திராணியின் கனத்தோடு திணறியது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தேன். பாலத்தின் உச்சிக்கு வந்தபோது இடப்பக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் மட்டும் தெரிந்தன. சுவர் உயரம். காரில் உட்கார்ந்தபடி மைதானத்தைப் பார்க்க முடியாது.

"கோலை எடுத்துட்டா" என்றாள் அபிராமி. "நிக்கிறா. வானத்தைப் பாக்கிறா. இப்ப ஓடறா அங்கிள். ஓடறா, ஓடறா..."

மணல் லாரி பிரேக் அடித்தது. நானும் அடித்தேன். பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது.

"ஊன்றிட்டா!"

லாரி நகர்ந்தது. முதல் கியர்.

"தாண்டிட்டா! அங்கிள், கம்பி ஆடுது, ஆடுது... விழல! விழல அங்கிள்! வெள்ளைக்கொடி காட்டிட்டாங்க!"

பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. நான் இடது கையைக் கியரிலிருந்து எடுத்துப் புறங்கையால் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் திரும்ப வந்து இரண்டாவது கியரைப் போட்டேன். மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. கூரை நகரும் ஓசையும் பட்டுப்புடவையின் சரசரப்பும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு இழை வித்தியாசத்தில் போயின. 'டக்' என்றது கூரை. இந்திராணியின் கால் கட்டைவிரல் என் காதை உரசிக்கொண்டு மேலே போனது. காலில் கட்டிய கயிறு விறுவிறுவென்று அவிழ்ந்து ஏறி, கைப்பிரேக்கில் சுண்டி நின்றது.

இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கார் திடீரென்று இலவம்பஞ்சு போல லேசாகிப் பாய்ந்தது.

"தெரியுதுங்க!" என்று மேலேயிருந்து கத்தினாள். வாழ்நாளில் அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "மெத்தையில மல்லாந்து கெடக்கிறா! கண்ணை மூடியிருக்கிறா! தொறந்துட்டா! என்னைப் பாக்கிறா! நித்திலா! அடியே நித்திலா!"

பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லோரும் தலையை நீட்டினார்கள். போனுக்குள் அபிராமி, "ஆன்ட்டி தெரியறாங்க, ஆன்ட்டி தெரியறாங்க" என்று குதித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் மறைத்தது. வைப்பரைப் போட்டேன், அதில் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும்.

அப்போதுதான் பாலம் இறங்கும் இடத்தில் அந்த இரும்புத் தடுப்பைப் பார்த்தேன். உயரமான வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் இருக்க, காருக்கான வழியின் குறுக்கே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் வலப்பக்க வழியில் ஒதுங்கிவிட்டன. எனக்கு ஒதுங்க இடமில்லை. என் கார் தாராளமாகப் போகும். இந்திராணி போகமாட்டாள். அவள் சரியாகத் தடுப்பின் உயரத்தில் இருந்தாள்.

"இந்திராணி! சிலிண்டர் பதிவு பண்ணிட்டியா?"

"நேத்தே பண்ணிட்டேன்!"

"அடுப்பை அணைச்சியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்!"

"தண்ணி மோட்டார்?"

"அதையும் நிறுத்திட்டேங்க!"

ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. தடுப்பு நெருங்கியது. அவளை இறக்க முடியாதென்றால் ஏற்றத்தான் வேண்டும். கயிறு அதற்கு மேல் விடாது. கயிற்றோடு போனால் கயிறு தடுப்பில் சிக்கிக்கொள்ளும்.

"கயித்தை விடப்போறேன்!" என்று கத்தினேன். "தாண்டிடுவியா?"

கூரை வழியாகக் காற்று மட்டும் வந்தது.

"விடுங்க!" என்றாள்.

கைப்பிரேக்கிலிருந்து சுருக்கை உருவினேன். கயிற்றின் முனை என் கையிலிருந்து நழுவி, சதுர வானத்துக்குள் போய் மறைந்தது. கார் தடுப்புக்குக் கீழே புகுந்தது. நிழல் ஒன்று என் மடியின் மேல் கடந்தது. அதன் பிறகு நான் ஓட்டிய தூரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் நான் மூச்சுவிட்டதாக ஞாபகமில்லை. கூரை முழுக்கத் திறந்திருந்தது. அதன் வழியே நீல வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

பிறகு கயிற்றின் முனை உள்ளே வந்து விழுந்து என் மூக்கில் தட்டியது. இடது கையால் எட்டிப் பிடித்தேன். மறுமுனையில் கனமே இல்லாமல் இந்திராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் அடியில் நின்ற போக்குவரத்துக் காவலர் தடுப்பைப் பார்த்தார். அது ஆடவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். அடுத்த வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார்.

மைதானத்தின் வாசலில் நித்திலா ஓடிவந்து நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் வெள்ளைப் பொடி, முழங்கையில் சிராய்ப்பு. என்னைக் கடந்து மேலே பார்த்தாள்.

"கண்ணைத் தொறந்தா நீதாம்மா இருந்தே" என்றாள்.

"கால் சரியா வச்சியாடி? முட்டி வலிக்கலயே?" என்று மேலேயிருந்து கேட்டாள் இந்திராணி.

"வலிக்கல."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

கயிற்றை நித்திலாவிடம் கொடுத்தேன். அவள் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "இறக்கணுமாப்பா?" என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். பரிசு மேடைக்குப் போகிறவரை கையிலேயே வைத்திருந்தாள். தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோதும் விடவில்லை. அவளுக்குப் பக்கத்து மேடையில் ஈரோட்டுப் பெண் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இந்திராணி யாரும் ஞாபகப்படுத்தாமல் தானாகவே இறங்கிவந்தாள். அந்தப் பெண்ணின் முதுகைத் தடவி, தன் பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். "உன் ஓட்டம்தான்மா அழகு. எங்க பொண்ணுக்கே அப்படி வராது" என்றாள். நித்திலா அதற்குத் தலையாட்டினாள். மூவரும் முறுக்கு தின்றார்கள்.

சாயங்காலம் திருச்சிக்குக் கிளம்பினோம். தாண்டப்பட்ட குறுக்குக் கம்பியை வென்றவர் வீட்டில் ஒரு வாரம் தங்கவைப்பது மாநிலப் போட்டிகளில் வழக்கம். விளையாட்டு அதிகாரி அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினேன். கூரை திறந்தது. கம்பி உள்ளே நுழைந்து, பின் இருக்கையில் நித்திலாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. பாதிக்கு மேல் வெளியே இருந்ததால் கூரையை மூடவில்லை. அதற்கு வெளிக்காற்று பிடித்திருந்தது.

மேலூரில் தேநீர்க் கடையில் நிறுத்தினேன். நான்கு தேநீர் சொன்னேன். நித்திலா கம்பியின் பக்கம் சாய்ந்து கேட்டுவிட்டு, "அண்ணே, ஒண்ணுல மட்டும் சர்க்கரை வேண்டாம்" என்றாள்.

கடைக்காரர் அண்ணாந்து கம்பியின் நுனிவரை ஒருமுறை பார்த்தார்.

"நீளமானவங்க எல்லாருமே சர்க்கரை இல்லாமத்தான் கேக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, தேநீரை ஆற்ற ஆரம்பித்தார்.